நல்ல கைக்கு ஓர் உறை

விடை தெரியும் என்று பாதியிலேயே குதிப்பவர்களுக்கு இந்தக் கதை ஆகாது. முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறங்கள்.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் மண்டி நடத்தியவர் நாச்சிமுத்து. 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியை வைத்தே குடும்பம் நடத்தியவர். பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் குலசேகரன் படித்துப் படித்துச் சொன்னார். கேட்டால்தானே! டாக்டர் அலுத்துப்போய், கூட வந்த மனைவி தெய்வாத்தாளிடம் சொல்லி வைத்தார்: "வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ நின்னு யோசிக்காதீங்கம்மா. நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துருங்க."

ஒரு நாள் காலையில் சட்னியில் உப்புக் கரித்தது. நாச்சிமுத்து வலது கையை ஓங்கினார். ஓங்கிய கை தெய்வாத்தாளின் கன்னத்துக்கு வந்து சேரவில்லை. பாதி வழியில் துவண்டு விழுந்தது, வாயும் கோணிக்கொண்டது. தெய்வாத்தாள் நின்று யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம், பாவி.

நரம்பியல் டாக்டர் அருணகிரி, மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி போட்டார். உயிர் தப்பியது. பேச்சு திரும்பியது, கால் நடந்தது. வலது கை மட்டும் வரவில்லை. "அது வர்றது சந்தேகம்தாம்மா" என்று தெய்வாத்தாளிடம் சொல்லிவிட்டு, பிசியோதெரபிஸ்ட் எஸ்தரிடம் அனுப்பி வைத்தார்.

எஸ்தருக்குச் சந்தேகம் என்ற சொல்லே ஆகாது. அவளிடம் ஒரு வைத்தியம் இருந்தது. நன்றாக இருக்கும் கையைத் தடித்த துணி உறைக்குள் போட்டு மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். வேறு வழியில்லாமல் விழுந்த கை வேலை செய்யத் தொடங்கும். கேட்கச் சுலபம், பார்க்கக் கொடுமை. பெற்ற தாயே மனம் தாங்காமல் சோற்றைப் பிசைந்து ஊட்டி வைத்தியத்தைக் கெடுத்த கதைகளை எஸ்தர் நிறையப் பார்த்திருக்கிறாள்.

"பாவம் பாத்தீங்கன்னா கை வராதுக்கா" என்றாள்.

தெய்வாத்தாள் வலது காதைத் திருப்பி மறுபடி கேட்டாள். "எடது காது கேக்காதுங்க அம்மிணி. அந்தக் கை அறைஞ்சதுதானுங்க."

எஸ்தர் அந்தக் காதை ஒரு முறை பார்த்தாள். பிறகு முடிச்சுப் போடுவது எப்படி என்று காட்டிக் கொடுத்தாள்.

சில நாள் கழித்து எஸ்தர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். நாச்சிமுத்துவின் இடது கை உறைக்குள் இருந்தது. வலது கை தட்டைத் தட்டிக்கொண்டே இருந்ததே தவிர ஒரு பருக்கையும் வாய்க்குப் போகவில்லை. அந்த மனிதர் பசியில் குழந்தை மாதிரி அழுதார். எதிரே தெய்வாத்தாள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுக்கொண்டு, அவரைப் பார்த்துச் சிரித்தாள். எஸ்தர் ஊட்டிவிடக் குனிந்தாள். ஆனால் அந்த வலது கையின் கட்டைவிரல் அசைந்ததையும் அவள் பார்த்தாள். "நல்லா செய்யறீங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வரவர விரல்கள் பிரிந்தன. ஒரு நாள் தெய்வாத்தாள் மெல்லக் கேட்டாள்: "அப்ப, அந்தக் கை வந்துருமுங்களா?"

"கண்டிப்பா வரும். எல்லாம் உங்க புண்ணியம்தான்."

தெய்வாத்தாளுக்கு முகம் செத்துப்போனது. பழி தீர்ப்பதாக நினைத்து அவள் செய்ததெல்லாம் மருந்தாகிவிட்டிருந்தது.

அன்றிலிருந்து அவள் பதிவிரதை ஆனாள். சோற்றில் நெய் ஊற்றிப் பிசைந்து, கவளம் கவளமாக ஊட்டினாள். டாக்டரம்மா உத்தரவு என்று சொல்லி இடது கை உறையை மட்டும் அவிழ்க்கவே இல்லை. இப்படி ஒரு பெண்டாட்டி கிடைக்கக் கொடுத்து வைக்க வேண்டும் என்று ஊர் உருகியது. நாச்சிமுத்து மட்டும் உருகவில்லை. "நான் பசியில அழுதப்ப சிரிச்சவதானே நீ" என்று சொல்லிக்கொண்டேதான் வாயைத் திறந்தார். வலது கை மறுபடி மடங்கத் தொடங்கியது.

எஸ்தருக்குப் புரிந்துவிட்டது. சமையலறைக்குள் போய்ச் சொன்னாள்: "நீங்க ஊட்ட ஊட்ட அந்தக் கை செத்துப்போகும்க்கா."

"தெரியுமுங்க அம்மிணி. நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்களே."

"அவர் என் நோயாளிக்கா. நான் எப்படி விட முடியும்?"

"அப்ப நானு?"

எஸ்தர் பதில் சொல்லவில்லை. மறுநாளே நாச்சிமுத்துவை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டு, மனைவியை அண்டவிடாமல் பாடுபட்டாள். கை எழுந்தது.

பக்கவாத விழிப்புணர்வு விழாவில் அவரை மேடையேற்றினார்கள். அவர் வலது கையால் மெதுவாக மாலையைத் தூக்கி குலசேகரன், அருணகிரி, எஸ்தர் மூவருக்கும் போட்டார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. எல்லார் முன்னிலையிலும் எஸ்தர் இடது கை உறையை அவிழ்த்தாள். முன்வரிசையில் இருந்த தெய்வாத்தாள் சட்டென்று தன் வலது காதைப் பொத்திக்கொண்டாள். எஸ்தர் ஒருத்திதான் அதைப் பார்த்தாள்.

விழா முடிந்ததும் தெய்வாத்தாள் கேட்டாள்: "அந்த உறைய நான் வெச்சுக்கட்டுங்களா அம்மிணி?"

"இனி அது எதுக்குக்கா?"

இப்போது சொல்லுங்கள். சோறூட்டிக் கையைச் சாகடிக்கப் பார்த்த தெய்வாத்தாள், அந்தக் கையைப் பிழைக்க வைத்த எஸ்தர். இருவரில் யார் செய்தது சரி?

விடை: நோயாளியின் கையை மீட்பது எஸ்தரின் கடமை, அது சரிதான். மிச்சமிருந்த ஒரு காதைக் காப்பாற்றப் பார்த்த தெய்வாத்தாளையும் குற்றம் சொல்ல முடியாது. 'அப்ப நானு?' என்று கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் உறையை அவிழ்த்தாளே எஸ்தர், பிழை அங்கேதான். அந்த வீட்டிலிருந்து வைத்தியம் வேண்டி வந்தவர்கள் இருவர், அவள் பார்த்தது ஒருவரை. விழா முடிந்த சில நாளில் தெய்வாத்தாள் தனியாக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "என்னாச்சுக்கா?" என்று எஸ்தர் திரும்பத் திரும்பக் கேட்டாள். தெய்வாத்தாள் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வலது கைக்கு மாலை தூக்கும் பலம்தான் வந்திருந்தது, அறையும் பலம் இன்னும் வரவில்லை. அறைந்தது, எஸ்தர் அவிழ்த்துவிட்ட நல்ல கை.