நாலுவழிச் சாலைக்கு இந்தப் பக்கம்

"சிஸ்டர், எனக்குப் பேசத் தெரியலை."

சொன்னவள் வடிவு. வயது ஐம்பத்திரண்டு.

சிஸ்டர் ஃபிலோமினா நிமிரவில்லை. கான்வென்ட் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்பவர். 'வாயைத் திற, வார்த்தையை மெல்லாதே' என்று முப்பது வருஷமாய்ச் சொல்லி அலுத்துப்போனவர்.

"மூணு கூட்டத்துல பேசினியாமே. கைதட்டினாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"தட்டினாங்க. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டாங்க."

விஷயம் இதுதான். வடிவு தெருவில் இருக்கும் ரேஷன் கடைக்குக் கூரை விழப்போகிறது. பக்கத்தில் வேறு இடம் கிடைக்கவில்லை என்று, கடையை நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகிறார்கள். போன மாதம்தான் அந்தச் சாலையைக் கடக்கப் போய், அடுத்த வீட்டுப் பேச்சியக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. இனி மாதாமாதம் அரிசிப் பையோடு தெரு ஜனம் முழுக்க அதைக் கடக்க வேண்டும்.

இதைப் பற்றித் தெருக்காரர்கள் கூடும் கடைசிக் கூட்டம் செவ்வாய்க்கிழமை.

"குரல் பத்தலையா சிஸ்டர்?"

"உன் குரலா? மைக்கே தேவையில்லை."

"கையை எங்க வைக்கிறதுன்னு தெரியலை."

"தோள்லதானே இருக்கு, தொங்கட்டும். பேசு, கேப்போம்."

வடிவு பேசினாள். நிமிஷத்துக்கு எத்தனை லாரி, தெருவில் எத்தனை பேருக்கு முட்டிவலி, பேச்சியக்கா எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒன்றையும் விடவில்லை. 'உயிர்' என்ற இடத்தில் குரல் தழுதழுத்தது. அதையும் பழகி வைத்திருந்தாள்.

சிஸ்டர் கட்டுரை நோட்டைத் திருத்திக்கொண்டே கேட்டார்.

"எல்லாம் சரி. இப்ப நான் என்ன செய்யணும்?"

"நீங்களா?"

"கேக்குறவங்க."

"அவங்க மனசு மாறணும்."

"மாறிடுச்சு. அப்புறம்?"



"அப்புறம்... யாராவது ஒருத்தர் இந்தப் பக்கமே ஒரு இடம் தரணும். ஓசியில இல்ல சிஸ்டர், வாடகைக்குத்தான்."

"இதைக் கூட்டத்துல சொன்னியா?"

"இல்லை."

"மூணு கூட்டத்துலயுமா?"

"கேட்டா மட்டும் யாரு தரப்போறா? ஆளாளுக்கு ஒரு சாக்கு வச்சிருப்பாங்க."

சிஸ்டர் பெருமூச்சு விட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். டான்ஸ் வகுப்பு அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே சுவரில் ஆளுயரக் கண்ணாடி.

"போட்டிக்குப் போற பிள்ளைங்க எல்லாம் இதைப் பார்த்துத்தான் பேசிப் பழகுதுங்க. இங்க நின்னு கேளு."

"என்ன கேக்க?"

"இடம்."

வடிவு முந்தானையைச் சரிசெய்தாள். தொண்டையைச் செருமினாள்.

"நம் தெருவில், பயன்படாமல் ஓர் அறையைப் பூட்டி வைத்திருக்கும் யாரேனும் ஒருவர்..."

நின்றுவிட்டாள்.

"என்ன, மறந்துபோச்சா?"

"இல்லை."

கண்ணாடியில் இருந்தவளின் வீட்டில், தெருவைப் பார்த்த மாதிரி, ஷட்டர் போட்ட ஓர் அறை இருந்தது. கட்டிய நாளிலிருந்தே பூட்டுதான். ஆறு வருஷம்.

வடிவு சட்டென்று திரும்பினாள்.

"சிஸ்டர், அது மகனுக்கு. ஷார்ஜாவுலேர்ந்து வந்து மொபைல் கடை போடுவான்."

"எப்ப வர்றான்?"

"வருவான்."

"வர்றேன்னு கடைசியா எப்பச் சொன்னான்?"

வடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு வகுப்பு வாய்ப்பாட்டை இழுத்து இழுத்து ஒப்பித்தது.

"பூட்டி வச்சிருந்தாத்தான் சிஸ்டர், அவன் வருவான்கிற மாதிரி இருக்கு."

சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நல்ல காரணம்தான். ஆனா என்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்கு ஷட்டரும் இல்ல, மகனும் இல்ல. இந்தக் காரணத்தைச் சொல்றது கண்ணாடியில இருக்குற அந்தம்மா. அவளுக்குப் பதில் இருந்தா சொல்லு. இல்லாட்டி செவ்வாய்க்கிழமை போகாதே."

வடிவு மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு, பக்கத்தில் இருந்த சிஸ்டருக்கே சரியாகக் கேட்காத குரலில், "இந்தா பாரு, வடிவு" என்றாள்.