வாயைத் திறந்து காட்டுங்கள்!

மலையடிவாரக் காட்டில் ஒரு பெரிய குகை இருந்தது. யானைகூடக் குனியாமல் உள்ளே போய் வரலாம். அந்தக் காட்டு மிருகங்கள் எல்லாம் தாங்கள் தேடியதில் ஒரு பங்கைக் கொண்டுவந்து அந்தக் குகையில் சேர்த்து வைக்கும். தினை, கிழங்கு, கரும்பு, தேனடை என்று குகை நிறைந்திருக்கும். அடைமழையில் இரை தேடப் போக முடியாதவர்களுக்கு அதிலிருந்து கொடுப்பது வழக்கம்.

குகைக்கு அதிகாரி ஒரு குரங்கு. பெயர் மாரப்பன். அளந்து போடும் வேலை பெருச்சாளிக்கு. தேனைப் பார்த்துக்கொள்வது கரடி. வாசலில் காவலுக்கு உடும்பு.

அந்தக் குகைக்கு ஒரே ஒரு சட்டம்தான். உள்ளே போனவர் யாராக இருந்தாலும், வெளியே வரும்போது வாயைத் திறந்து உடும்பிடம் காட்ட வேண்டும். குரங்குக்குக் கன்னத்தில் பை இருக்கிறதல்லவா? அதனால் வந்த சட்டம் அது. உடும்பு அதில் ரொம்பக் கறார். பல்லிடுக்கில் ஒரு தினை இருந்தால்கூடத் துப்ப வைத்துவிட்டுத்தான் விடும்.

அப்படியிருந்தும் போன மழைக்காலத்தில் குகை பாதியிலேயே காலியாகிவிட்டது. புகார் யானை அரசியின் காதுக்குப் போனது. காதுதான் பெரிதாயிற்றே, உடனே விழுந்துவிட்டது.

"என்ன மாரப்பா இது? மழை விடறதுக்குள்ள குகை துடைச்ச மாதிரி ஆயிடுச்சாமே!"

குரங்கு கையைக் கட்டிக்கொண்டு நின்றது. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

"வேணும்னா செஞ்சோம் அம்மா? எங்களுக்கு விவரம் பத்தலை. பொதுப் பொருளை எப்படிச் செலவு பண்ணணும், எது சட்டம், எது தப்புன்னு யாராவது ஒரு நாள் உட்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்தாங்களா?"

அரசிக்கு மனசு இளகிவிட்டது. "அதுவும் நியாயம்தான். ஒரு பயிற்சி வெச்சா சரியாயிடுமா?"

"வெச்சுத்தான் பாருங்களேன்! பத்தரை மாத்துத் தங்கமா மாறிடுவோம்!"

"சரி, வைங்க. அதுக்கு ஆகிற செலவையும் குகையிலிருந்தே எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அரசி குளிக்கப் போய்விட்டது.

அடுத்த மழைக்காலத்துக்காகக் குகை மறுபடியும் நிறைந்ததும், பாடம் நடத்த ஒரு மைனாவை அழைத்து வந்தார்கள். அது பட்டணத்தில் ஒரு பெரிய அலுவலகத்தின் ஜன்னல் மேலே கூடு கட்டி வாழ்ந்த மைனா. பயிற்சி என்றால் எப்படி நடக்க வேண்டும் என்று அதற்கு அத்துப்படி.

"எங்கே வெச்சுக்கலாம்? மரத்தடியில காத்தோட்டமா இருக்குமே!" என்றது கரடி.

"மழை வர்ற நேரம். குகைக்குள்ளேயே வைப்போம்" என்றது மாரப்பன். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெளியே கொண்டு போகக் கூடாதுன்னுதானே சட்டம்? உள்ளேயே சாப்பிடக் கூடாதுன்னு இல்லையே!" என்றது.

பெருச்சாளியின் மீசை சந்தோஷத்தில் துடித்தது. "சட்டத்தைக் கரைச்சுக் குடிச்சிருக்கீங்க அண்ணே! உங்களுக்கு எதுக்குப் பயிற்சி?"

முதல் நாள் வகுப்பு தொடங்கியது. மைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"குகையில் இருக்கும் பொருள் யாருடையது?"

"எல்லாருடையது!" என்று ஒரே குரலில் பதில் வந்தது.

"அப்படியானால் அதை நீங்கள் தின்னலாமா?"

பெருச்சாளி எழுந்து நின்றது. "எல்லாரும்னா அதுல நாங்களும் உண்டுதானே ஐயா?"

மைனா கொஞ்சம் யோசித்தது. "அருமையான கேள்வி! சாப்பிட்டுவிட்டுப் பேசுவோம்."

சாப்பிட்டார்கள். அப்புறம் அந்தக் கேள்வியை யாரும் எடுக்கவில்லை.

அன்றைக்கு மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. அந்தக் காட்டில் செங்கமலம் என்று ஒரு முயல் இருந்தது. அப்போதுதான் மூன்று குட்டி போட்டிருந்தது. வளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதால் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் ஒரு பாறை இடுக்கில் விட்டிருந்தது. புல்லெல்லாம் வெள்ளத்துக்குள் மூழ்கிக் கிடந்தது. தின்ன ஒன்றும் இல்லை. தாய் வயிறு காய்ந்தால் மடியில் பால் எங்கிருந்து வரும்? செங்கமலம் நனைந்துகொண்டே குகை வாசலுக்கு ஓடி வந்தது.

"உடும்பு அண்ணே, ஒரு கை தினை கொடுக்கச் சொல்லுங்க. பச்சைப் புள்ளைங்க பாலுக்குக் கத்துது."

"உள்ளே பயிற்சி நடக்குதும்மா. முடிஞ்சதும் வா."

"என்ன பயிற்சி?"

"பசிச்சவங்களுக்கு எப்படி முறையாக் கொடுக்கிறதுன்னு சொல்லித் தர்றாங்க."

"நான்தான் பசியோட நிக்கிறேனே! என்னை உள்ளே விட்டா, எனக்குக் கொடுத்தே பழகிக்கலாமே?"

உடும்புக்கு அது சரி என்றே பட்டது. உள்ளே போய்க் கேட்டது.

மாரப்பன் பதறிப்போனது. "பயிற்சி முடியறதுக்கு முன்னாடி கொடுத்தா அது முறைகேடு ஆயிடாதா? அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?"

"பார்த்தீர்களா! இதுதான் கட்டுப்பாடு!" என்றது மைனா. எல்லாரும் கை தட்டினார்கள்.

மறுநாள் செய்முறைப் பயிற்சி. பெருச்சாளி தினையை எப்படிக் குவித்து, எப்படித் தலைதட்டி அளப்பது என்று செய்து காட்டியது. தட்டும்போது சிந்தியதை வீணாக்கக் கூடாதே என்று வாயில் போட்டுக்கொண்டது. அளவு சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்ப அளந்தது. தேனைச் சிந்தாமல் ஊற்றுவது எப்படி என்று கரடி காட்டியது. கீழே ஒரு சொட்டு சிந்தவில்லை. எல்லாவற்றையும் தன் வாயில்தான் ஊற்றிக்கொண்டது.

சாயங்காலம் எல்லாரும் வரிசையாக வெளியே வந்து வாயைத் திறந்து காட்டினார்கள். ஒரு வாயிலும் ஒரு பருக்கை இல்லை. உடும்பு அசந்துபோனது.

"முன்னெல்லாம் ரெண்டு கன்னமும் புடைச்சுக்கிட்டு வருவீங்க. இப்ப என்ன சுத்தம்! பயிற்சி நல்லா வேலை செய்யுதுப்பா!"

"ஏவ்!" என்றது மாரப்பன். அது ஏப்பம்.

செங்கமலம் தினமும் வந்தது. தினமும் பயிற்சி நடந்தது. மழையும் விடவில்லை. ஒரு நாள் பாறை இடுக்குக்குத் திரும்பிப் போனபோது கடைக்குட்டி கத்தவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. செங்கமலம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

"சாமி, எனக்குப் பசி தீரணும்னு கேக்கலை. இதுங்க நாக்கு நனையற அளவுக்காவது என் மடியில பாலைக் கொடு" என்று கும்பிட்டது. பிறகு மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, சருகால் மூடிவிட்டு, மறுபடியும் குகைக்கே நடந்தது.

அன்றைக்குக் குகையில் நிறைவு விழா. யானை அரசிதான் சிறப்பு விருந்தினர். பின்பக்கம் ஓர் ஓலைத் தட்டி கட்டி, அதில் பூவெல்லாம் செருகியிருந்தார்கள்.

"தட்டிக்கு அந்தப் பக்கம் என்ன மாரப்பா?"

"இருப்பு அம்மா! தூசி படாம மறைச்சு வெச்சிருக்கோம்."

அரசிக்கு ஒரே பூரிப்பு. "குகைப் பொருள் யாருக்கு?" என்று கேட்டது.

"பசித்தவர்க்கே!" என்று எல்லாரும் முழங்கினார்கள். குகையே அதிர்ந்தது.

அரசிக்கு மாலை போட்டு, ஒரு கட்டுக் கரும்பைக் கொடுத்தார்கள். நல்ல தடித்த கரும்பு. எங்கிருந்து வந்தது என்று அரசி கேட்கவில்லை. ஒன்றை உருவி வாயில் வைத்துக்கொண்டு, மீதியைத் தும்பிக்கையில் பிடித்தபடி வெளியே கிளம்பியது.

ஊழியர்கள் முன்னால் வந்து, வழக்கம்போல் வாயைக் காட்டிவிட்டு நின்றார்கள். பின்னால் அரசி வந்தது. உடும்பு வழியை மறித்து நின்றது.

"அம்மா, வாயைத் திறந்து காட்டுங்க."

"அடேய்! யாருகிட்ட என்ன பேசுறே? புத்தி கெட்டுப் போச்சா?" என்று மாரப்பன் கத்தியது.

"உள்ளே போனவர் யாராக இருந்தாலும்னுதானே சட்டம்? மைனா ஐயாவும் தினமும் அதைத்தானே சத்தமாச் சொன்னார்! எனக்கு வாசல்லேயே கேட்டுச்சே!"

அரசியால் பதில் பேச முடியவில்லை. வாய் நிறையக் கரும்பு. வேறு வழியில்லாமல் திறந்தது. சாறு வழிந்து தரையில் சொட்டியது.

உடும்பு குனிந்து அந்தச் சாற்றை முகர்ந்து பார்த்தது.

"பயிற்சி தொடங்கினதுலேருந்து ஒருத்தரும் மாட்டலை. இன்னைக்குத்தான் ஒருத்தர் மாட்டியிருக்காங்க" என்றது உடும்பு மெதுவாக. அதற்கே வருத்தமாக இருந்தது.

வாசலில் நனைந்து நின்ற செங்கமலம் வாய் திறந்தது. "அவங்களை விடுங்க அண்ணே. அவங்க தின்னது வாயிலயாவது தெரியுது. மத்தவங்க எல்லாரும் வயித்துல வெச்சுக்கிட்டுத்தான் தினமும் உங்களைத் தாண்டிப் போனாங்க."

அரசி அவர்கள் வயிறுகளைப் பார்த்தது. பிறகு கரும்புக் கட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே திரும்பிப் போய், ஓலைத் தட்டியைத் தும்பிக்கையால் ஓர் இழுப்பு இழுத்தது. பின்னால் வெறும் பாறை. கொஞ்சம் கிழங்குத் தோல். அதையும் எறும்புகள் இழுத்துக்கொண்டிருந்தன.

"தினை எங்கே?"

"செய்முறைக்கு ஆயிடுச்சும்மா" என்றது பெருச்சாளி.

"கிழங்கு?"

"இடைவேளைக்கு..."

கரடியைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அது இன்னும் விரலை நக்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுகூடச் சட்டத்துக்குப் புறம்பா இல்லைம்மா! பயிற்சிச் செலவைக் குகையிலிருந்தே எடுத்துக்கச் சொன்னது நீங்கதானே?" என்றது மாரப்பன்.

அரசி தலையைக் குனிந்துகொண்டது. அது உண்மைதான். வாசலுக்கு வந்து, கரும்புக் கட்டை எடுத்துச் செங்கமலத்தின் முன்னால் வைத்து, ஒவ்வொன்றாக மிதித்து நசுக்கிக் கொடுத்தது.

"முதல்ல நீ சாப்பிடு தாயே. பால் ஊறட்டும்."

பிறகு ஊழியர்கள் பக்கம் திரும்பியது.

"கரடிக்குத் தோண்ட நகம் இருக்கு. மாரப்பா, உனக்கு மரம் ஏறக் கை இருக்கு. அதெல்லாம் இல்லாதவங்களுக்குத்தான் இந்தக் குகை. மேட்டுக் காட்டுக்கு நடங்க. குகை நிறையற வரைக்கும் நமக்கு இங்கே சாப்பாடு கிடையாது. நானும் வர்றேன்."

"மழை கொட்டுதேம்மா! சளி பிடிச்சுக்கும்!"

"இவளுக்கும் இதே மழைதான் கொட்டுச்சு."

மைனா மெல்லச் சிறகை விரித்தது. "நல்ல யோசனை! இதைக் களப் பயிற்சி என்று வைத்துக்கொண்டால், எனக்கு ஒரு சிறு பங்கு..."

"வாயைக் காட்டிட்டுப் பேசுங்க ஐயா!" என்றது உடும்பு.

மைனா வாயை மூடிக்கொண்டு பறந்துவிட்டது.

அன்று ராத்திரி முயல் குட்டிகளுக்குப் பால் கிடைத்தது. கடைக்குட்டியும் பிழைத்துக்கொண்டது. அதிலிருந்து உடும்பு, வாயைப் பார்த்த கையோடு, வாலால் வயிற்றையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறது. அரசியையும் சேர்த்து.

இல்லாதவருக்கென்று வைத்த பொருளை எப்படிச் செலவழிப்பது என்று எத்தனை படித்தாலும், அது இல்லாதவர் கைக்குப் போய்ச் சேராத வரையில் அந்தப் படிப்பும் ஒரு திருட்டுதான்.