குணசிங் பொறுக்கிய குட்டிகள்

தளிப் பக்கம் ஒரு பந்தயக் குதிரைப் பண்ணை. அங்கே இனவிருத்திக்கென்று பொலிகுதிரை சேனாபதியை வாங்கிக் கொடுத்தவர் ஆலோசகர் குணசிங். லாயத்து வேலைக்காரன் மாதப்பன் வளர்த்த இளம் பொலிகுதிரை கார்முகிலை யாராவது புகழ்ந்தால், அவருக்குச் சோற்றில் கல் கடித்தாற்போல் இருக்கும்.

"இதன் வாரிசு உருப்படாதும்மா. நாளைக்கே காயடித்துவிடலாம்," என்றார் குணசிங், முதலாளி சௌந்தரவல்லியிடம்.

மாதப்பன் பதறினான். "ஐயா, இதுக்குப் பொறந்த முதல் குட்டிங்க நல்லா இருக்குதுங்களே!"

"அதுங்க பந்தயம் ஓட ரெண்டு வருஷம் ஆகும். இன்னைக்கே நிரூபிப்பியாடா?"

மாதப்பன் கைகட்டி நின்றான். "எனக்கென்னங்க தெரியும்? ரெண்டு குதிரையோட குட்டிங்களும் பால் மறந்து, ஒண்ணா மேயுதுங்க. சேனாபதியோடதை ஐயாவே பிரிச்சுக் காட்டுங்க. மிச்சத்தோட லட்சணம் அம்மாவுக்கே தெரிஞ்சிடும்."

குணசிங் மேய்ச்சல் வெளியில் இறங்கினார். தோள் சரிவைப் பார்த்தார், கால் எலும்பைத் தடவினார், நடக்கவிட்டுப் பார்த்தார். அழகான ஒரு குட்டியைக்கூடக் கார்முகிலுக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. இருப்பதில் சிறந்த நான்கைப் பொறுக்கி, "சேனாபதி ரத்தம்! பார்த்தாலே தெரியலையா?" என்றார்.

சௌந்தரவல்லி கழுத்துப்பட்டை எண்களைப் பிறப்புப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தார். நான்கும் கார்முகிலின் குட்டிகள்.

குணசிங் கைக்குட்டையைத் தேடினார்.

"மாதப்பா," என்றார் சௌந்தரவல்லி, "இந்த வருஷம் நம்ம பெட்டைகளை எல்லாம் கார்முகில்கிட்டயே விடு. ஆலோசகரே சிபாரிசு பண்ணிட்டாரு."