கொட்டாத பானை

முன்னொரு காலத்திலே வேங்கைமலை நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். மனசு நல்ல மனசுதான், நாக்குதான் பொல்லாதது. தேன் பிசைந்த தினைமாவு வாயில் விழாமல் கொலுவுக்கே வரமாட்டார். அதற்கென்றே அரண்மனைத் தோட்டத்தில் இருபது பானைகளில் தேனீ வளர்த்தார்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டவள் மலைக்காரி மாதி.

அந்த வருஷம் மழை விட்டதும் அந்துப்பூச்சி பானைகளுக்குள் புகுந்து முட்டையிட்டது. பொரிந்த புழுக்கள் தேனடையைக் குடைந்து தின்று, உள்ளெல்லாம் நூலாம்படை கட்டிவிட்டன. தினைமாவு வெறும் மாவாக வந்தது. ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

“பத்து நாளில் புழு ஒழியணும். இல்லையென்றால் உன் சனம் இனி என் மலையில் தேனெடுக்கக் கூடாது!”

மாதி அன்றைக்கே வேலையில் இறங்கினாள். தேனை விட்டால் அவள் சனத்துக்குக் கஞ்சி ஏது?

பழைய அடைகளை அறுத்தெடுத்தாள், பானை இடுக்குகளைக் களிமண்ணால் பூசினாள். அப்போதுதான் ஒரு பானையில் புழுக்கள் தாமாகவே கறுத்துத் துவண்டு கிடப்பதைக் கண்டாள். தேனீக்களோ ஜோராகப் பறந்தன. ‘புழுவுக்கும் கொள்ளைநோய் வந்திருக்கு’ என்று நினைத்தவள், செத்த புழுக்களை அரைத்துத் தண்ணீரில் கரைத்தாள்.

அரண்மனை வைத்தியர் அம்பலத்தாடியாருக்கு இது போதாதா? ராஜா மாதியிடம் சிரித்துப் பேசுகிறார் என்று அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். சபைக்கு ஓடினார்.

“மகாராஜா, அடுக்குமா இது? அழுகின புழுவைக் கரைத்துத் தங்கள் தேனில் தெளிக்கப் பார்க்கிறாள்!”

சபையே மூக்கைப் பொத்தியது. மாதியைக் கூப்பிட்டார்கள்.

“நோயில செத்த புழு, சாமி. இதைத் தடவின அடையைத் தின்கிற புழுவுக்கும் அந்த நோய் தொத்தும். தேனீயை அண்டாது. உங்களுக்குப் புது அடையிலதான் தேன் எடுப்பேன்.”

“காட்டுக்காரி வைத்தியம்! கந்தகப் புகை ஒரு மூட்டம் போதும், மகாராஜா” என்றார் வைத்தியர்.

“அப்படின்னா புழு விழுந்த பானையில ஆளுக்கொண்ணு எடுத்துக்குவோம். அஞ்சாம் நாள் சபையில அவரவர் பானைக்குள்ள அவரவர் கையை விடணும்” என்றாள் மாதி.

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். சரி என்றுவிட்டார்.

ஐந்தாம் நாள் வைத்தியர் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். “பாருங்கள் மகாராஜா! ஒரு புழு நெளியவில்லை. ஒரு கொட்டுக்கூட இல்லை!” சபை கைதட்டியது.

மாதி தன் பானைக்குள் கையை விட்டாள். “ஸ்ஸ்… ஆத்தா!” மூன்று கொட்டு. கை வீங்கிப்போயிற்று.

“வளர்த்தவளையே கொட்டுகிறது!” என்று வைத்தியர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“என் பானையில கொட்ட ஆள் இருக்கு, சாமி. அவர் பானையைக் கவுத்துப் பாருங்க.”

ராஜாவே கவிழ்த்தார். புழுக்களோடு தேனீக்களும் செத்துக் கொத்தாக விழுந்தன. மாதியின் பானை வாயிலோ, கறுத்த புழுக்களைத் தேனீக்கள் வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தன.

“அட பாவி மனுஷா! நோயைத் தீர்க்கச் சொன்னால் நோயாளியையே தீர்த்துவிட்டீரே!” என்றார் ராஜா.

மலைத்தேன் மாதியின் சனத்துக்கே என்று செப்பேடு எழுதியாயிற்று. மற்ற பானைகள் தேறும்வரை அவளுக்குச் செத்த புழு பொறுக்கிக் கொடுப்பது வைத்தியர் வேலை.

மறுநாள் காலை ஒரு பானையில் புழு பொறுக்கப் போன வைத்தியர் வீங்கின மூக்கோடு அலறிக்கொண்டு ஓடிவந்தார். ராஜா தினைமாவை மென்றபடியே நிமிர்ந்து பார்த்தார்.

“சந்தோஷம் வைத்தியரே, அந்தப் பானையும் பிழைத்துக்கொண்டது.”