இறகின் ஜோடிக் கல்

பல கோடி ஆண்டுகளாகச் சுண்ணாம்புக் கல்லுக்குள் படுத்திருந்த ஓர் இறகை, ஒரு குவளைத் தண்ணீரில் அழித்துவிட்டான் பொன்முடி.

கல்லைப் பிளந்ததும் தெரிந்த கறுப்புக் கறையைச் சேறு என்று நினைத்துப் பிரஷ் போட்டுத் தேய்த்தான். கறை போனது. ஈரம் காய்ந்தபோது ஓரத்தில் நான்கு மெல்லிய கோடுகள் மட்டும் மிஞ்சியிருந்தன. போனது இறகு என்று அப்போதுதான் புரிந்தது.

புதைபடிவக் கூடத்தில் அவன் சேர்ந்து மூன்று மாதம். வேலை கிடைத்ததை அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

மறுநாள் காலை கூடத்தின் பொறுப்பாளர் ரெஜினா மேடம் வந்ததும், அவர் மேசையில் அந்தக் கல்லையும் ஒரு கடிதத்தையும் வைத்து நடந்ததைச் சொன்னான். மேடம் கல்லைத்தான் முதலில் எடுத்தார்.

"தேய்ச்சதை யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் ஏன் சொல்ற?"

"நான் பார்த்தேனே மேடம்."

மேடம் கல்லைத் திருப்பிப் பார்த்தார்.

"இதோட ஜோடி எங்கே?"

"அதுல ஒண்ணுமே இல்ல மேடம். வெளியே கழிவுக் குவியல்ல போட்டுட்டேன்."

ஒரு பாதியில் இருப்பதன் அச்சு மறு பாதியிலும் பதிந்திருக்கலாம் என்பதால், பிளந்த கல் இரண்டையும் பார்த்து முடிக்கும்வரை பிரிக்கக் கூடாது என்பது அந்தக் கூடத்தின் வழக்கம். முதல் நாளே மேடம் அதை அவனிடம் சொல்லியிருந்தார். கல்லை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி வெளியே நடந்தார்.

குவியலில் தட்டைக் கல் ஒன்றுகூட இல்லை. மழைச் சேற்றுக்குப் பயந்து காவலாளி சூசை எல்லாவற்றையும் எடுத்துக் குழாயடிக்குப் பாதை போட்டிருந்தார். காலையில் முகம் கழுவ அதன்மேல் இரண்டு முறை நடந்தது பொன்முடிக்கு நினைவு வந்தது.

இருவரும் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்தார்கள்.

"என்ன மேடம், நேத்து சாயங்காலம்தானே முதுகு ஒடியப் போட்டேன்!" என்றார் சூசை.

"எந்தப் பக்கத்தை மேல வச்சீங்க?"

"சொரசொரப்பைத்தான். வழவழப்பை வச்சா முதல்ல வழுக்கி விழறது நீங்கதான்."

ஒன்பதாவது கல்லின் விளிம்பு மேடம் கொண்டுவந்த கல்லோடு கச்சிதமாகப் பொருந்தியது. அதன் வழவழப்பான முகமெல்லாம் சேறு. துடைக்கப் போன கையைப் பொன்முடி சட்டென்று இழுத்துக்கொண்டான். மேடம் சிரித்துவிட்டார்.

"காயட்டும். தானா உதிரும்."

வெயில் ஏறியது. சேறு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மேடம் கல்லைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தார். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும், ஒரு நடுத்தண்டும் அதன் இருபுறமும் மயிரிழைகளும் மங்கலாகத் தெரிந்தன. முழு இறகு.

பொன்முடிக்குத் திடீரென்று பசித்தது. நேற்று மதியத்திலிருந்து அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

மேசைக்குத் திரும்பிய பிறகுதான் மேடம் கடிதத்தைப் பிரித்தார். வேலையிலிருந்து நின்றுகொள்வதாக எழுதியிருந்தான். படித்துவிட்டு அவனிடமே நீட்டினார்.

"பின்பக்கம் காலியாத்தானே இருக்கு? அதுல ரெண்டு கல்லுக்கும் ஒரே எண் எழுதி, சேர்த்துக் கட்டி வை."

"அழிஞ்ச கல்லையுமா மேடம்?"

"அதுதானேப்பா நம்மள இதைத் தேட வச்சுது."