ஈரக்கையும் பச்சைப் பொத்தானும்

கோவைக்கு வெளியே கேஸ் அடுப்புக்கு வால்வு செய்கிற கம்பெனி ஒன்று. அங்கே தரம் பார்க்கிற பொறுப்பு சென்னியப்பனுக்கு. வயது நாற்பத்தாறு. அவருடைய குரு ரெஜினாவுக்கு முப்பத்தைந்து. பேனாவும் பேப்பருமாக நடந்த வேலைகளைக் கணினிக்கு மாற்றக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயதைப் பார்ப்பதில்லை என்று சென்னியப்பன் முதல் நாளே முடிவு செய்துவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் நல்ல மாணவர்தான்.

அன்று காலை அவர் ரெஜினாவின் அறைக்குள் நுழைந்த வேகத்தில் கதவு சுவரில் போய் இடித்தது. கையில் ஒரு வால்வு.

"ஈரோட்டுல ஒரு வீட்டுல கேஸ் கசிஞ்சிருக்குங்க மேடம். அடுப்பு பத்த வெச்ச பொம்பளைக்கு முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. நம்ம வால்வுதான்."

"யார் சோதிச்சது?"

"துளசிமணி. மூணு மாசமா அந்தம்மா பார்த்ததுல ஒண்ணுகூட மோசம்னு பதிவாகலைங்க. ஒண்ணுகூட! மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாமுங்களா? இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறேன். கடுதாசி அடிச்சாச்சு."

சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். 

"நீங்களே சொல்லுங்க மேடம். பொய் சொல்ற ஆளை வெச்சுக்கிட்டு எந்தக் கம்ப்யூட்டரு தரத்தைக் காப்பாத்தும்?"

 ரெஜினா எழுந்து ஷெட்டுக்குள் நடந்தார். சென்னியப்பன் பின்னாலேயே போனார்.

சோதனை மேஜையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. வால்வில் காற்றுக் குழாயைச் செருகி, தண்ணீருக்குள் பத்து விநாடி அமுக்க வேண்டும். குமிழி வந்தால் வால்வு மோசம். பக்கத்தில் ஒரு டேப்லெட் கணினி. நல்லதென்றால் திரையில் பச்சைப் பொத்தான், மோசமென்றால் சிவப்பு. எல்லாம் சென்னியப்பனே யோசித்துச் செய்த ஏற்பாடு. முதலாளி அதற்காக மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார். யார் எத்தனை முடித்தார்கள் என்று சுவரில் பெரிய டிவி ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கும்; பின்தங்கினால் பெயர் சிவப்பாகும், சங்கு ஊதும்.

அங்கே சோதித்துக்கொண்டிருந்த துளசிமணி எழுந்து நின்றார். கடுதாசி விஷயம் அதற்குள் காதுக்குப் போயிருந்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"உட்காருங்க சார்," என்றார் ரெஜினா. "நூறு வால்வு. நீங்களே சோதிங்க."

"நானுங்களா?"

"நீங்கதான்."

சென்னியப்பன் முழுக்கையை மடித்து, திரையில் தன் பெயரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். முதல் பத்தும் சுத்தம். பத்துப் பச்சை. பதினொன்றாவது வால்வு குபுகுபுவென்று குமிழி விட்டது.

"பார்த்தீங்களா? கண்ணு இருந்தா தெரியாமப் போகுமா?"

சிவப்பைத் தொட்டார். ஈரவிரலுக்குத் திரை மசியவில்லை. விரலைப் பேன்ட்டில் துடைத்துவிட்டுத் தொட்டார். ஒரு படிவம் விரிந்தது. என்ன குறை, எந்த மெஷின், எந்த ஷிப்ட் என்று கேட்டது. மூன்று பக்கமும் போட்டோ கேட்டது. எல்லாம் கொடுத்து முடித்தால் சூப்பர்வைசரின் போனுக்கு வந்திருக்கும் ரகசிய எண்ணைக் கேட்டது. சூப்பர்வைசர் டீக்குப் போயிருந்தார். அவர் வந்து எண்ணைச் சொல்வதற்குள் வால்வுகள் தட்டில் குவிந்துவிட்டன. டிவியில் சென்னியப்பனின் பெயர் சிவப்பில் ஓடியது. சங்கு வேறு ஊதியது. ஷெட்டே திரும்பிப் பார்த்தது.

"எவன்யா இதை..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பத்தொன்பதாவதிலும் குமிழி. மறுபடி படிவம், போட்டோ, சங்கு. பேன்ட் தொடைவரை நனைந்துவிட்டது.

இருபத்தாறாவது வால்விலிருந்து ஒரே ஒரு குமிழி மெதுவாக மேலே வந்தது. கடுகளவுதான். அவர் அதைப் பார்த்தார். பிறகு குவிந்து கிடந்த தட்டைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார்.

"தண்ணி அசைஞ்சதுல வந்திருக்கும்," என்று முணுமுணுத்துவிட்டுப் பச்சையைத் தொட்டார்.

ரெஜினா கை நீட்டி அந்த வால்வை எடுத்தார். குழாயைச் செருகித் தண்ணீரில் அமுக்கினார். ஒரு குமிழி. இன்னொன்று. இன்னொன்று.

சென்னியப்பனுக்குக் காதெல்லாம் சுட்டது. அந்தச் சூட்டோடு துளசிமணி பக்கம் திரும்பினார்.

"இது இப்படின்னு வந்து எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

துளசிமணியின் குரல் உடைந்தது. ஆனால் அழுகையால் அல்ல.

"சொல்லலீங்களா? நாலு மாசத்துக்கு முந்தி, இது வந்த மொத வாரம் பூராச் செவப்புத்தானுங்க அமுத்துனேன். டிவில எம்பேரு செவப்பா ஓடுச்சு. காலைல கூட்டத்துல எல்லாருக்கு முன்னாடியும் எந்திரிச்சு நிக்கச் சொன்னீங்க. 'உன்னாலதான் லைன் நிக்குது'ன்னீங்க. நின்னனுங்க. ஆறு நாளும் நின்னனுங்க."

 சென்னியப்பன் பையிலிருந்து கடுதாசியை எடுத்தார். அவருடைய ஈரக்கையில் மை கலைந்தது.

"கிழிச்சர்றேன் மேடம்," என்று எழப்போனார்.

"கிழிங்க," என்றார் ரெஜினா. அவர் குரல் உயர்ந்து சென்னியப்பன் கேட்டதே இல்லை, அன்று கேட்டார். "ஆனா எழுந்திருக்காதீங்க. அந்தம்மா ஆறு நாள் தாங்கினாங்க. நீங்க இருபத்தஞ்சு வால்வு. முதல்ல இந்த வால்வுக்குச் சிவப்பை அமுத்துங்க. இன்னும் எழுபத்துநாலு இருக்கு."