தேரிக்காட்டுக்குப் பங்குனியில் வரும் குருவி

பறவை பேசினால் மனுஷனுக்கும், மனுஷன் பேசினால் பறவைக்கும் புரிந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், தேரிக்காட்டுக்கு விருந்தாளிப் பறவை என்று ஒன்றுகூட வந்தது கிடையாது. இருந்ததெல்லாம் உள்ளூர்க்காரர்கள்தான். காட்டுப்புறா, கௌதாரி, அப்புறம் தும்மினால்கூட ஊரைக் கூட்டுகிற ஆட்காட்டி. வேறு எது வரும்? செக்கச்செவேல் என்று மணல். ஆடிக்காற்று அடித்தால் நேற்று இருந்த மேடு இன்று இருக்காது. பனையும் உடைமுள்ளும் விட்டால் வேறு நிழல் இல்லை. கடல் தாண்டி வருகிற பறவைகள் தூரத்திலேயே பார்த்துவிட்டு, "ஐயோ, இது எரிகிற ஊர்" என்று மலைப்பக்கம் திரும்பிவிடும். அவற்றைக் குற்றம் சொல்லி என்ன செய்ய?

அந்தத் தேரியில் சிவனணைஞ்சான் என்ற பனையேறியும் அவன் பெண்சாதி பிச்சைக்கனியும் இருந்தார்கள். அவன் பதநீர் இறக்குவான். அவள் விடிலி என்கிற ஓலைக் கொட்டகையில் அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவாள். ஒரே ஒரு மகள் இருந்தாள். ஆறு வயசில் ஒருநாள் வாசலில் நின்று, "யம்மா, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடினாள். வெயிலில் சுருண்டு விழுந்த பிள்ளையைத் தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு யார் வாயிலிருந்து "போறேன்" என்ற சொல் வந்தாலும் பிச்சைக்கனி காதைப் பொத்திக்கொள்வாள்.

ஒரு பங்குனிக் காலையில் கடல்காற்று ஒரு குருவியைத் தள்ளிக்கொண்டுவந்து விடிலி வாசலில் போட்டது. பச்சை முதுகு, நீலச் சிறகு, கண்ணுக்கு மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு, வயிற்றடியில் குங்குமம் சிந்தியது போலச் சிவப்பு. வால் மட்டும் பேருக்கு ஒரு துணுக்கு. இவ்வளவு நிறம் செலவழித்த சாமிக்கு வாலுக்கு வரும்போது கை ஓய்ந்துவிட்டது போலிருக்கிறது.

பிச்சைக்கனி அதைக் கையில் எடுத்து, தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் காட்டினாள். ஓலைக்குப்பையைக் கிளறிக் கரையான் பொறுக்கிக் கொடுத்தாள்.

"எங்கன இருந்து மக்ளே வார?"

"தெற்கே தீவுலேர்ந்து. மழை முடிஞ்சா அங்க இருப்போம். கோடைக்கு வடக்கே மலையடிக் காட்டுக்குப் போய்க் கூடு கட்டணும். காத்து தள்ளிட்டுது."

மூன்று நாள் குருவி விடிலியிலேயே இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் குதித்துக் குதித்துச் சருகு புரட்டும். பிச்சைக்கனி பாகு கிண்டிக்கொண்டே அதோடு பேசுவாள். மகள் போன பிறகு நாலு வருஷமாக வாய் திறக்காதவள் பேசுகிறாளே என்று சிவனணைஞ்சான் பனையுச்சியில் இருந்து காது கொடுப்பான்.

நாலாம் நாள் விடிந்ததும் குருவி வாசலுக்கு வந்து, "சரி, நான் போறேன்" என்றது.

பிச்சைக்கனி கையிலிருந்த பாகு கிண்டும் துடுப்பு கீழே விழுந்தது. "அப்படிச் சொல்லாத மக்ளே! வாசல்ல நின்னு அந்தச் சொல்லைச் சொல்லாத!"

"போறவங்க போறேன்னுதானே சொல்லணும்?"

"இல்ல. போய்ட்டு வாரேன்னு சொல்லு. ஒனக்குப் புண்ணியமாப் போகும், சொல்லு."

குருவி யோசித்தது. தேரி அதன் வழியிலேயே கிடையாது. ஆனால் அவள் கண் இரண்டும் தளும்பி நின்றதைப் பார்த்த பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்லும்? "போய்ட்டு வாரேன்" என்று சொல்லிப் பறந்தது.

இங்கேதான் வினை. மனுஷருக்கு அது வழக்கம். கடனுக்கு உப்பு வாங்க வந்தவனும் அதைத்தான் சொல்வான், சண்டை போட்டுவிட்டுக் கிளம்புகிற சம்பந்தியும் அதைத்தான் சொல்வான். பறவைகளிடம் "சும்மா ஒரு பேச்சுக்கு" என்ற சமாச்சாரமே இல்லை. சொன்னால் சொன்னதுதான்.

அந்த ஆடியில் மணல் நகர்ந்து வந்து விடிலியை மூடிவிட்டது. புருஷனும் பெண்சாதியும் நாலு கூப்பிடு தூரம் தள்ளிப் போய் வேறு விடிலி போட்டார்கள்.

"ஏளா, ஒன் குருவி வந்தா வழி தெரியாம முழிக்கப் போவுது" என்று சிவனணைஞ்சான் சிரித்தான்.

"அது எங்க வரப்போவுது? நான்தான் ஏதோ என் மனசு ஆறச் சொல்லவச்சேன்" என்றாள் அவள். சொன்னாளே தவிர, பங்குனி பிறந்ததும் ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்தாள்.

பங்குனியில் குருவிக்கூட்டம் தீவிலிருந்து கிளம்பியது. நம் குருவி, "நான் தேரிக்குப் போகணும், வாரேன்னு சொல்லியிருக்கேன்" என்றது.

கூட்டத்துக்கு மூத்த குருவி தலையில் அடித்துக்கொண்டது. "கடல் தாண்டினதும் தேரிக்கு மேற்கே இருக்கிற மலையடிவாரத்துல மூணு நாள் தங்குவோம். நாலாம் நாள் விடியும்போது கிளம்பிருவோம். அதுக்குள்ள வராட்டா உன் பாடு. தனியா வடக்கே போய்ச் சேர்ந்த குருவி நம்ம சாதியில கிடையாது, தெரிஞ்சுக்க."

குருவி தேரிக்கு வந்து பார்த்தது. விடிலியும் இல்லை, அடுப்புப் புகையும் இல்லை. வெறும் மணல். "வந்-தேன்!" என்று கூப்பிட்டது. பதில் இல்லை.

முட்டைமேல் உட்கார்ந்திருந்த ஆட்காட்டி விழுந்து விழுந்து சிரித்தது. "அட கிறுக்கே! போய்ட்டு வாரேன்னு அவ சொல்லவச்சதை நம்பியா வந்த? அதை எல்லாருக்கும்தான் சொல்லுவாங்க. வரவே கூடாதுன்னு நினைச்சுப் போறவனும் சொல்லுவான்."

 ஆனாலும் குருவி போகவில்லை. பகலெல்லாம் வெயில் தொண்டையைச் சுட்டது; வாய் திறக்க முடியாமல் உடைமுள்ளுக்கு அடியில் சருகைப் புரட்டிக்கொண்டு கிடந்தது. விடியும்போதும் பொழுது சாயும்போதும் மட்டும் மேட்டில் ஏறி நின்று, "வந்-தேன்! வந்-தேன்!" என்று கூப்பிட்டது. முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாளும் போயிற்று.

மூன்றாம் நாள் சாயங்காலம் காற்று திரும்பியது. பிச்சைக்கனி பாகு கிண்டிக்கொண்டிருந்தாள். இறக்குகிற பதம். ஒரு நொடி கையை எடுத்தாலும் மொத்தச் சட்டியும் போச்சு. அப்போது அந்தக் குரல் மெல்லிசாக வந்து காதில் விழுந்தது. துடுப்பைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள்.

"ஏளா, பாகு தீயுது!"

"தீயட்டும்! என் பிள்ளை கூப்பிடுது!"

"வா மக்ளே! இங்கன இருக்கேன்!" என்று கத்திக்கொண்டே மணலில் விழுந்து எழுந்து ஓடினாள். குருவி கூப்பிட, அவள் பதில் கொடுக்க, குரலைப் பிடித்துக்கொண்டு இரண்டும் நெருங்கி வந்தன. கடைசியில் அது அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. போன வருஷத்தைவிட இளைத்திருந்தது.

"நெசமாவே வந்துட்டியா?" அவளுக்கு அழுகை அடங்கவில்லை. "நாங்க எல்லாருக்கும் சொல்லுற வார்த்தை மக்ளே அது. வந்தே ஆகணும்னு இல்ல."

"ஆட்காட்டியும் அதான் சொன்னா. ஆனா என்னைச் சொல்லச் சொன்னப்ப உன் கண்ணு அப்படிச் சொல்லலியே."

பிச்சைக்கனி அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஆமா. எம் மவ போறேன்னுட்டுப் போயிட்டா. என் வாசலை விட்டுப் போன ஒரு உசிராவது திரும்பி வராதான்னு கிடந்தேன். நீ வந்துட்ட. இது போதும் எனக்கு."

குருவி விடியலுக்குள் மலையைப் பிடிக்க வேண்டும் என்று சொன்னதும் அவள் பதறிப்போனாள். "ஐயோ, இங்க உக்காந்து பேசிட்டிருக்கியே!" என்று திட்டிக்கொண்டே தண்ணீர் புகட்டினாள். வைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்தக் கையை அவளே மேலே தூக்கினாள். "போய்ட்டு வா" என்றாள்.

"போய்ட்டு வாரேன்" என்றது குருவி. இந்தத் தடவை அர்த்தம் தெரிந்து சொன்னது.

அது கூட்டத்தோடு சேர்ந்ததா, வழியில் விழுந்ததா என்று ஒரு வருஷம் முழுக்க அவளுக்குத் தெரியாது. அடுத்த பங்குனியில் ஒரு சாயங்காலம், விடிலிக்குப் பின்னாலேயே "வந்-தேன்" என்று கேட்டது. அவள் பதில் கொடுக்க வாயெடுப்பதற்குள் அந்தப் பக்கத்து முள்ளிலிருந்து இன்னொரு குரலும் "வந்-தேன்" என்றது. துணையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது.

கடிகாரம் வந்த பிற்பாடு ஜனங்கள் அதற்கு ஆறுமணிக்குருவி என்று பேர் வைத்துக்கொண்டார்கள். பிச்சைக்கனி காலத்திலிருந்துதான் எந்தத் தேவையும் இல்லாத அந்தச் செம்மணல் காட்டில் அது பங்குனியில் மட்டும் மூன்று நாள் இறங்குகிறது, விடியலிலும் அந்தியிலும் மட்டும் கூப்பிடுகிறது; கேட்கிற பெண்களும் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, "வா மக்ளே" என்று ஒரு குரல் கொடுக்கிறார்கள்.